புதுக் கார்டுக்கு எந்த லினக்ஸ்? பட்டர்வொர்த்தில் ஒரு கேமிங் கணினி கட்டிய பதிவு

ஆர்எக்ஸ் 9070 கிராபிக்ஸ் கார்டு விற்பனைக்கு வந்தது 2025 மார்ச் 6. கேமிங் கணினிக்கு எந்த லினக்ஸ் போடலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் தேடுவது இப்படி ஒரு தேதியைத்தான். டிஸ்ட்ரோவின், அதாவது ஒரு குழு தொகுத்துத் தரும் லினக்ஸ் பதிப்பின், பெயர், அழகு, புகழ் எல்லாம் பிறகு. கார்டு பிறப்பதற்கு முன்பே உறைந்துபோன மென்பொருளை வைத்திருக்கும் டிஸ்ட்ரோ எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கு இந்தக் கார்டை அடையாளமே தெரியாது.

கணினி அக்கா மகனுக்கு. எஸ்பிஎம் (மலேசியப் பள்ளியிறுதித் தேர்வு) முடிவு வந்ததும் அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். கட்டித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. லினக்ஸ் வேண்டும் என்று கேட்டதும் அவன்தான். கூட்டாளி ஒருவனிடம் ஸ்டீம் டெக்கை, லினக்ஸில் ஓடும் கையடக்க விளையாட்டுக் கருவியை, பார்த்திருக்கிறான். "அதே மாதிரி வேணும் மாமா, ஆனா பெருசா" என்றான். எனக்கும் விண்டோஸ் உரிமத்துக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் பெரிய எஸ்எஸ்டி வாங்கலாமே என்று தோன்றியது.

பாகங்கள் இவை: ரைசன் 7 9700எக்ஸ், பி850 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5-6000, 2 டிபி என்விஎம்இ, 16 ஜிபி ஆர்எக்ஸ் 9070, 1440பி 180 ஹெர்ட்ஸ் மானிட்டர். எக்ஸ்டி கார்டுதான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தான். 9070 எக்ஸ்டி 304 வாட் இழுக்கும், சாதா 9070-க்கு 220 வாட் போதும். அவன் அறையில் ஏர்கான் கிடையாது, காற்றாடி மட்டும்தான். பட்டர்வொர்த் மத்தியானத்தில் கூடுதலாக 80 வாட் சூட்டை அந்த அறைக்குள் விட்டால் முதலில் தவிப்பது அவன்தான். சிபியுவும் அதே காரணத்தால் 65 வாட் ரகம்.

சிப்பின் மூடியில் 'மேட் இன் மலேசியா' என்று அச்சடித்திருந்ததை அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். தினமும் பாலம் தாண்டி பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர். இன்டெலும் ஏஎம்டியும் 1972 முதல் பினாங்கில் சிப்புகளைப் பொதிந்து அனுப்பிக்கொண்டிருக்கின்றன. "பக்கத்துல செஞ்ச சாமானுக்கு இவ்ளோ வெலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என்னிடம் பதில் இல்லை.

பாகம் வாங்கும்போதே லினக்ஸை மனதில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் மதர்போர்டின் நெட்வொர்க் சிப்கள். பெட்டியில் 'வைஃபை 7', '5 கிகாபிட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்தச் சிப் என்பது உற்பத்தியாளரின் விவரப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். இந்தப் போர்டில் கேபிளுக்கு ரியல்டெக் 8126, வைஃபைக்கு மீடியாடெக் எம்டி 7925. முதலாவதை லினக்ஸ் கெர்னல் (வன்பொருளோடு பேசும் மையப் பகுதி) 6.9-இலிருந்துதான் அறியும், இரண்டாவதற்கு 6.7 போதும். இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

டிஸ்ட்ரோ பேச்சுக்குப் போகும் முன் பையனை உட்கார வைத்து, என்னென்ன விளையாடுவாய் என்று எழுதச் சொன்னேன். இதைச் செய்யாமல் லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் முதல் வாரமே சண்டை வரும். டோட்டா 2, கவுன்டர் ஸ்டிரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. எல்டன் ரிங், பால்டர்ஸ் கேட் 3 இரண்டும் புரோட்டான் வழியாக ஓடும். புரோட்டான் என்பது விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் 2018-இல் வெளியிட்ட அடுக்கு, வால்வின் விளையாட்டுக் கடைச் செயலியான ஸ்டீமுக்குள்ளேயே வருகிறது. பட்டியலின் கடைசி வரியில் வேலரண்ட்.

"வேலரண்ட் ஓடாது லா. எந்த லினக்ஸ் போட்டாலும் ஓடாது."

"ஏன் மாமா? புரோட்டான் இருக்குல்ல?"

புரோட்டான் இருந்தாலும் முடியாது. வேலரண்டின் வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸ் கெர்னலுக்குள் இறங்கி உட்காரும் வகை. லினக்ஸில் அதற்கு உட்கார இடம் இல்லை. ஃபோர்ட்நைட்டும் ஓடாது, ஆனால் காரணம் வேறு. அது பயன்படுத்தும் ஈஸி ஆன்டி-சீட், அதேபோல் பேட்டில்ஐ, இரண்டுமே 2021 முதல் லினக்ஸை ஏற்கின்றன. விளையாட்டைச் செய்தவர்கள் அதை இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். எல்டன் ரிங்காரர்கள் இயக்கினார்கள், ஃபோர்ட்நைட்காரர்கள் இயக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் அனுமதித்து, 2024 கடைசியில் கதவை மூடிவிட்டது. ஆகவே இன்று ஓடுவது நாளையும் ஓடும் என்று ஆன்லைன் விளையாட்டுகளில் சத்தியம் செய்ய முடியாது. பையன் யோசித்துவிட்டு, வேலரண்ட் பழைய லேப்டாப்பிலேயே இருக்கட்டும் என்றான். அதில் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கும் ஆதரவு முடியப்போகிறது என்பதை அப்போதைக்குச் சொல்லாமல் விட்டேன்.

சரி, தேதிக் கணக்குக்கு வருகிறேன்.

ஏஎம்டி கார்டுக்கு லினக்ஸில் தனியாக டிரைவர் இறக்கி நிறுவும் வேலை இல்லை. இது வசதிதான், ஆனால் புதுக் கார்டு வாங்குகிறவருக்கு இதுவே வில்லங்கமாகவும் ஆகும். ஏனென்றால் டிரைவர் மூன்று துண்டாக டிஸ்ட்ரோவுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னலில் உள்ள ஏஎம்டிஜிபியு என்ற பகுதி கார்டை எழுப்பும். எழுப்பும்போது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனித் தொகுப்பில் வரும். இவற்றுக்கு மேலே மேசா. அதிலுள்ள ராட்வி என்ற வல்கன் (விளையாட்டு கார்டிடம் படம் கேட்கும் முறை) டிரைவர்தான் விளையாட்டு கேட்கும் படத்தை வரையும். மூன்றில் ஒன்று பழசாக இருந்தாலும் மற்ற இரண்டும் புதுசாக இருந்து பயனில்லை. 9070-க்குக் கெர்னல் குறைந்தது 6.12 வேண்டும்; 6.14 இருந்தால் நிம்மதி. மேசா 25.0 வேண்டும். ஃபர்ம்வேர் தொகுப்பு கார்டு வெளியான காலத்துக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

மேசா 25.0 வந்தது 2025 பிப்ரவரியில், கெர்னல் 6.14 வந்தது மார்ச் கடைசியில். நாங்கள் கணினி கட்டியது ஜூன் தொடக்கம். ஆக, கையில் எடுக்கும் டிஸ்ட்ரோ மூன்று நான்கு மாதத்துக்கு முந்தைய சரக்கையாவது உள்ளே வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வடிகட்டியிலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

டெபியன் 12 கெர்னல் 6.1. பேச்சே இல்லை. (ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 6.12-உம் மேசா 25.0-உம் உண்டு, அப்போது அது வெளியாகவில்லை.) உபுண்டு 24.04 ஆரம்பத்தில் 6.8; பிப்ரவரியில் வந்த இரண்டாம் புதுப்பிப்பில் 6.11. ஒரே ஒரு படி குறைவு. ஸ்டீம் டெக்கில் இருக்கும் ஸ்டீம்ஓஎஸ்தான் வேண்டும் என்று பையன் கேட்டான். மே மாதம் வந்த 3.7 பதிப்பில் இருந்ததும் 6.11 தான். அதோடு அது கையடக்கக் கருவிகளை நோக்கிச் செய்தது. கையால் கட்டிய மேசைக் கணினியை அது அப்போது தன் பிள்ளையாக ஏற்கவில்லை. உபுண்டு 25.04-இல் 6.14, மேசா 25.0 எல்லாம் சரியாகவே இருந்தன, ஆனால் ஒன்பது மாதம்தான் ஆதரவு. அடுத்த ஜனவரியில் மறுபடியும் பதிப்பு மாற்றும் வேலைக்கு நான் தயாராக இல்லை.

லினக்ஸ் மின்ட் 22.1-ஐ மட்டும் வேண்டுமென்றே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்த டிஸ்ட்ரோ. என் அம்மாவின் கணினியில் பல வருடமாக இருக்கிறது. 'புதுசாக வருகிறவருக்கு மின்ட்' என்று எல்லாரும் சொல்வதால், புதுக் கார்டில் அது என்ன ஆகும் என்பதைப் பையன் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இந்தச் சிபியுவுக்குள் சிறிய கிராபிக்ஸ் ஒன்று உண்டு. அது குறுக்கே வராமலிருக்க பயாஸில் (போர்டின் சொந்த அமைப்புத் திரை) அணைத்துவிட்டுப் பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலே, ஏற்றினேன். திரை வந்தது. வந்ததோடு சரி. மானிட்டரின் முழுத் தெளிவும் இல்லை, 180 ஹெர்ட்ஸும் இல்லை. ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால் அது யோசித்து யோசித்துப் பின்னால் வந்தது. கணினித் தகவலில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அதாவது கார்டு சும்மா கிடக்க, படம் முழுவதையும் சிபியுவே வரைந்துகொண்டிருந்தது. கெர்னல் 6.8 என்பதால் 5 கிகாபிட் கேபிள் சாக்கெட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. வைஃபை மட்டும் பிடித்தது.

புதுக் கார்டு வாங்கியவர்கள் 'எல்எல்விஎம்பைப்' என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதைப் பார்த்தால் கார்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மென்பொருள் இன்னும் கார்டைச் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

மின்ட்டிலேயே வெளியிலிருந்து புதுக் கெர்னல், இன்னொரு இடத்திலிருந்து புது மேசா, கையால் ஃபர்ம்வேர் என்று ஏற்றி ஓட்டவும் முடியும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நிலையாக இருக்கும் என்று நம்பி ஒரு டிஸ்ட்ரோவை எடுத்துவிட்டு, அதன் மூன்று முக்கியத் துண்டுகளையும் வெளியாள் சரக்கால் மாற்றினால், பிறகு அது எந்த வகையில் மின்ட்? புதுப்பிப்பில் ஏதாவது உடைந்தால் யாரிடம் கேட்பது?

அடுத்து ஃபெடோரா 42, கேடிஇ என்ற டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு. ஏப்ரல் 2025 வெளியீடு, கெர்னல் 6.14, மேசா 25.0. லைவாக ஏற்றியதும் 1440பி முழுத் தெளிவில், 180 ஹெர்ட்ஸோடு திரை வந்து நின்றது. கேபிள், வைஃபை, புளூடூத் மூன்றும் இருந்தன. டெர்மினலில் வல்கன் தகவலைக் கேட்டால் கார்டின் பெயரும் பக்கத்தில் 'ராட்வி ஜிஎஃப்எக்ஸ்1201' என்றும் வந்தது. ஜிஎஃப்எக்ஸ்1201 என்பது இந்தக் கார்டின் சிப்புக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் வைத்த பெயர். அது தெரிந்தால் மூன்று துண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று பொருள். எதையும் நிறுவாமல், வட்டில் ஒரு பைட்டும் எழுதாமல் இவ்வளவையும் பார்த்துவிடலாம். புதுக் கணினியில் எதை நிறுவும் முன்பும் ஒரு ஃபெடோரா லைவ் ஓட்டிப் பாருங்கள். நிறுவப்போவது வேறு டிஸ்ட்ரோவாக இருந்தாலும் பரவாயில்லை. வன்பொருள் சரியா என்பதற்கு அதைவிட மலிவான சோதனை கிடையாது.

ஆக, வடிகட்டியில் தேறியவை மூன்று: ஃபெடோரா, அதன் மேல் கட்டிய பஸ்ஸைட், ஆர்ச் வழி வந்த கேச்சிஓஎஸ். நோபராவும் உண்டு, புரோட்டான்-ஜிஇ என்ற புரோட்டானின் மாற்றுப் பதிப்பைச் செய்கிறவரின் டிஸ்ட்ரோ, அதுவும் ஃபெடோரா வழிதான். நான் அதை ஓட்டியதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் கேச்சிஓஎஸ். தொகுப்புகளைப் புதிய சிபியுக்களுக்கென்றே தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கெர்னலில் வேலைகளை வரிசைப்படுத்தும் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் என் அனுபவத்தில், ஒரே கெர்னலும் ஒரே மேசாவும் இருக்கிற இரண்டு டிஸ்ட்ரோக்களுக்கு இடையே விளையாட்டு வேகத்தில் உள்ள வித்தியாசம் எண்ணில் தெரியும், கண்ணில் தெரியாது. யூடியூபில் இதற்கென்று நடக்கும் போட்டிப் பட்டிமன்றங்களை ரசிக்கலாம், அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து. நான் தீவில் இருக்கிறேன், கணினி பட்டர்வொர்த்தில். ராத்திரி பதினோரு மணிக்கு "மாமா, திரை கருப்பா இருக்கு" என்று அழைப்பு வந்தால், போனிலேயே சரிசெய்யக்கூடிய டிஸ்ட்ரோ வேண்டும்.

பஸ்ஸைட் அந்த விஷயத்தில் மற்றவற்றிலிருந்து வேறு வகை. யுனிவர்சல் ப்ளூ என்ற குழுவின் திட்டம். இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதி முழுவதும் ஒரே படிமமாக வரும். பயனர் அதற்குள் எழுத முடியாது. புதுப்பிப்பு என்றால் ஒவ்வொரு தொகுப்பாக மாறுவதில்லை. புதுப் படிமம் பக்கத்தில் இறங்கிக் காத்திருக்கும், அடுத்த முறை கணினியை ஏற்றும்போது அதற்கு மாறும். பழையது அப்படியே இருக்கும். புதுசு சரியில்லையென்றால், ஏற்றும் மெனுவில் கீழே உள்ள பழைய வரியைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய கணினி திரும்ப வந்துவிடும். "கீழே இருக்கிற வரிக்குப் போய் என்டர் தட்டு" என்று போனில் சொல்வது எளிது.

இன்னொரு காரணம் சின்னதுதான், ஆனால் தினமும் உறுத்தும் வகை. காப்புரிமைச் சிக்கலால் சாதா ஃபெடோராவின் மேசாவில் எச்.264, எச்.265 வீடியோவைக் கார்டிலேயே விரிக்கும் வசதியை எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸைட்டில் அது முன்பே இருக்கிறது. ஸ்டீம், கன்ட்ரோலர் ஆதரவு, ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் மேங்கோஹட் எல்லாமும் முதல் நாளே உள்ளே இருக்கும்.

இனி வேலை. முதலில் பயாஸைப் புதுப்பித்தேன். புதுப் போர்டு, புதுச் சிபியு என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு எக்ஸ்போவை இயக்கி நினைவகத்தை 6000-க்கு ஏற்றினேன். டிடிஆர்5-இல் முதல் முறை ஏற்றும்போதும், இப்படி வேகம் மாற்றிய பிறகும், போர்டு நினைவகத்தோடு தானே பேசிப் பழகச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கருப்பு, காற்றாடிகள் மட்டும் சுற்றும். பையன் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரத்தில் பயந்து சுவிட்சை அணைக்காமல் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருவதுதான் வைத்தியம். சிபியுவின் உள் கிராபிக்ஸை மறுபடி இயக்கிவிட்டேன். என்றாவது கார்டு படம் காட்டாவிட்டால் மானிட்டர் கேபிளைப் போர்டில் மாற்றிச் செருகி உள்ளே நுழைய அது உதவும்.

பஸ்ஸைட் கோப்பு பெரியது. 16 ஜிபி பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைக்கும் வென்டாய் முறையை அவர்களே வேண்டாம் என்கிறார்கள். ஃபெடோராவின் மீடியா ரைட்டரால் எழுதினேன். பதிவிறக்கப் பக்கத்தில் என்ன கார்டு, எந்த டெஸ்க்டாப், ஸ்டீம் டெக் மாதிரி நேராக விளையாட்டுத் திரைக்குப் போக வேண்டுமா என்று கேட்டு அதற்கேற்ற கோப்பைக் கொடுப்பார்கள். பையன் ஆசைப்பட்டது கடைசியில் சொன்ன வகை. அவன் இதில் நிரல் எழுதவும் பழக வேண்டும் என்பதால் சாதாரண கேடிஇ டெஸ்க்டாப் வகையை எடுத்தேன். ஸ்டீமின் பெரிய திரை முறையைத் திறந்தால் டெக் மாதிரியேதான் இருக்கும்.

நிறுவும் திரையில் சொல்ல ஒன்றுமில்லை. வட்டு முழுவதையும் கொடுத்துவிட்டேன். கவனிக்க வேண்டியது அடுத்த முறை ஏறும்போது வரும் நீலத் திரை. செக்யூர் பூட் (நம்பகமான சாவியால் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் பஸ்ஸைட்டின் சாவியைப் பதிவு செய்யக் கேட்கும். கடவுச்சொல் 'யுனிவர்சல்ப்ளூ', எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். அந்தத் திரை சில வினாடிகளே நிற்கும். கவனிக்காமல் விட்டால் கடந்து போய்விடும், பிறகு கணினி ஏற மறுக்கும். அப்படி ஆனால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உள்ளே போய் மறுபடி பதிவு செய்யலாம்.

பழைய லேப்டாப்பிலிருந்து ஒரு வெளி வட்டில் விளையாட்டுகளை அள்ளி வந்திருந்தான். வட்டு என்டிஎஃப்எஸ். ஸ்டீமில் அதையே நூலகமாகச் சேர்த்து ஓட்டலாமா என்றான். சேர்த்தால் சேரும், சில விளையாட்டுகள் ஓடவும் ஓடும், பிறகு காரணமே சொல்லாமல் நின்றுபோகும். புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு போலி சி டிரைவ் கட்டுகிறது. அதில் முக்காற்புள்ளி உள்ள பெயர்களும் இணைப்புக் கோப்புகளும் வரும். விண்டோஸ் வடிவ வட்டுக்கு அவை ஒத்துவராது. எனவே விளையாட்டுக் கோப்புறைகளை மட்டும் புது வட்டில் ஸ்டீமின் 'காமன்' கோப்புறைக்குள் நகலெடுத்தோம். அதற்குப் பிறகு ஸ்டீமில் 'இன்ஸ்டால்' அழுத்தினால், இருக்கிற கோப்புகளைச் சரிபார்த்துவிட்டுக் குறைவதை மட்டும் இறக்கும். பால்டர்ஸ் கேட் 3 மாதிரி நூறு ஜிபி தாண்டும் விளையாட்டுக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கவுன்டர் ஸ்டிரைக் 180 ஹெர்ட்ஸை ஒட்டியே ஓடியது. எல்டன் ரிங் அதன் 60 ஃபிரேம் வரம்பில் அசையாமல் நின்றது. பால்டர்ஸ் கேட் முதல் முறை திறந்தபோது ஷேடர்களைத் தயாரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது, பிறகு பிரச்சினை இல்லை. விண்டோஸில் இந்தக் கார்டின் பெருமையாகச் சொல்லப்பட்ட எஃப்எஸ்ஆர் 4 (சிறிய படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் வசதி) மட்டும் அப்போது லினக்ஸில் எளிதாகக் கிடைக்கவில்லை. புதுக் கார்டோடு லினக்ஸ் பக்கம் வருகிறவர் இதை எதிர்பார்த்தே வர வேண்டும்: கார்டு ஓடும், ஆனால் அதன் விளம்பரத்தில் வந்த எல்லா வித்தையும் முதல் நாளே வராது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியான நேரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் கார்டின் ஹாட்ஸ்பாட் 80 டிகிரியைத் தாண்டியது. கார்டுக்கு அது ஆபத்தில்லை, அறைக்குத்தான் கஷ்டம். லேக்ட் என்ற செயலியில் சக்தி வரம்பைச் சற்றுக் குறைத்தேன். காற்றாடிச் சத்தம் தணிந்தது, விளையாட்டில் பையன் எந்த வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கவில்லை.

ஹாலில் இருக்கும் 4கே டிவியில் 120 ஹெர்ட்ஸில் விளையாட வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான். ஏஎம்டியின் திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க அந்தத் தரத்தை வைத்திருக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதிக்கவில்லை என்று 2024-இல் தெரிந்தது. எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் அப்போது இதுதான் நிலை. மானிட்டர் வாங்கும்போது டிஸ்பிளேபோர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிதான் திரை என்றால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சு எப்படி என்று இதைப் படிக்கும் சிலர் கேட்பார்கள். தமிழ்99 அமைப்பு கேடிஇயின் விசைப்பலகைப் பட்டியலிலேயே, இந்தியா என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. எதையும் நிறுவாமல் சேர்த்துக்கொள்ளலாம். தானாகப் புள்ளி வைக்கும் வசதி அதில் வராது. அதற்கு எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

பஸ்ஸைட்டில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஃபெடோராவில் பழகிய கைக்கு, ஒரு சின்னக் கருவி வேண்டுமென்றால் உடனே டிஎன்எஃப் என்ற நிறுவும் கட்டளையை அடிக்கத் தோன்றும். இங்கே அந்த வழி அடைத்திருக்கிறது. செயலிகளுக்கு ஃபிளாட்பேக் என்ற தனித் தொகுப்பு, நிரல் வேலைக்கு உள்ளுக்குள் இன்னொரு லினக்ஸை ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸ் பெட்டி என்று சுற்றிப் போக வேண்டும். புதுப்பிப்புகளும் கனமானவை. பையனுக்கு இதெல்லாம் தெரியவே இல்லை. பழைய வழி பழகியிருந்தால்தானே உறுத்துவதற்கு.

ஜூன் 21-ஆம் தேதி ஆர்ச் லினக்ஸ் ஒரு அறிவிப்பு போட்டது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் பல துண்டாகப் பிரித்துவிட்டார்கள். வழக்கம்போல் புதுப்பித்தால் கோப்புகள் மோதி நின்றுவிடும், பழைய தொகுப்பைக் கையால் நீக்கிவிட்டுப் பிறகு மறுபடி போட வேண்டும். என் மேசைக் கணினி ஆர்ச்தான். அறிவிப்பைப் படித்து இரண்டு கட்டளையில் முடித்தேன், பெரிய விஷயமில்லை. ஆனால் அது கார்டை எழுப்பும் அதே ஃபர்ம்வேர் தொகுப்பு. பட்டர்வொர்த் கணினியில் ஆர்ச் வழி எதையாவது போட்டிருந்தால், புதுப்பிக்கும் முன் அறிவிப்பைப் படி என்று பதினெட்டு வயதுப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும். படித்திருப்பானா?

பையனின் கூட்டாளி ஒருவனும் இப்போது கேட்கிறான்; அவனிடம் ஆர்டிஎக்ஸ் 5070. என்விடியா என்றால் தேதிக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே மேசாவுக்குப் பதில் என்விடியாவின் சொந்த டிரைவர். 50 வரிசைக்கு 570 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதிலும் திறந்த கெர்னல் தொகுதிகளோடு வரும் வகைதான் வேலை செய்யும், பழைய மூடிய வகை இந்தக் கார்டுகளை எழுப்பவே எழுப்பாது. பஸ்ஸைட்டில் அதற்கென்று தனிப் படிமம் இருக்கிறது, பதிவிறக்கும்போது சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். டிரைவர் புதுசாக இருந்தால் கெர்னல் கொஞ்சம் முந்தியதாக இருந்தாலும் ஒப்பேறிவிடும். அதனால் அவனுக்கு மின்ட்டும் முடியாத காரியமில்லை. ஆனால் அவன் மதர்போர்டிலும் அதே 8126 கேபிள் சிப் இருக்கிறது. அந்த 6.9 கணக்கு அவனையும் விடாது. (செப்டம்பரில் வந்த மின்ட் 22.2 கெர்னலை 6.14-க்கு ஏற்றியபிறகு அந்தத் தடை நீங்கியது.)

எங்கள் கணினியில் இன்னும் தீராத ஒன்று: தூங்கவைத்து எழுப்பினால் சில சமயம் எம்டி 7925 வைஃபை காணாமல் போகிறது, மறுபடி ஏற்றினால்தான் வருகிறது. அக்கா வீட்டில் ரூட்டர் அடுத்த அறையில் இருப்பதால் சுவரோரமாகக் கேபிள் இழுத்துவிட்டேன். 5 கிகாபிட் சாக்கெட்டில் 1 கிகாபிட் ரூட்டர் ஓடுகிறது. பையனுக்கு அதில் குறையில்லை. வைஃபையை அடுத்த கெர்னல் வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்.